முகமும் பெயரும்

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவழியில், வடக்கே ஏறத்தாழ இரண்டு கல் தொலைவில், பெரும் பாறைப் பிளவுகளுக்கிடையே அலுவிகாரை அமைந்துள்ளது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயனின் ஆட்சிக் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த திரிபிடகமும் அதன் உரையும் ஏட்டில் எழுதப்பட்டன என மகாவமிசம் கூறும். அப்பணி நடைபெற்ற இடம் அலுவிகாரையே எனப் பிற்கால மரபு கொள்ளும். பஞ்சமும், தென்னிந்தியப் படையெடுப்பும், உள்நாட்டுக் குழப்பமும் ஓதுவோர் தொகையைக் குறைத்துவிட்டிருந்த காலம் அது. அக்காலத்தைப் பற்றிப் பாளி உரைமரபு ஒரு செய்தி தருகின்றது. மகாநித்தேசம் என்னும் நூல் ஒரேயொரு பிக்குவின் நினைவில் மாத்திரமே எஞ்சி நின்றதாம். அவரோ ஒழுக்கத்திற் குறையுடையவரெனப் பெயர் பெற்றவர். ஆயினும், அவர் மறைந்தால் நூலும் மறையும் என்ற அச்சத்தினால், ஏனையோர் அவரை நாடிச் சென்று அதனைக் கற்றுக்கொண்டனர்.

சமய வரலாற்றிலும் ஏட்டு வரலாற்றிலும் இச்செய்தி எடுத்துரைக்கப்படுவதுண்டு. ஆனால் இது குடும்பங்களின் வரலாறுமாகும் என்பது அதிகம் எண்ணிப் பார்க்கப்படுவதில்லை. எந்தக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் அவர் ஒரு முதியவளாகவே இருப்பார். பழைய படமொன்றில் இடது கோடியில் நிற்கும் பிள்ளை யாருடையது, தாடி வைத்தவர் எந்த ஊருக்குப் போனார், அந்தச் சேலை யாரிடம் இரவல் வாங்கியது என்பனவெல்லாம் அவர் ஒருவருக்கே தெரியும். அவர் மறைந்த மறுநாள் படம் அப்படியேதான் இருக்கும். அதிலுள்ளவர்கள் மட்டும் யாரோ ஆகிவிடுவர்.

நினைவைப் புறப்பொருளொன்றிடம் ஒப்படைத்தல் நன்றா என்ற வினா மிகப் பழையது. பிளேட்டோவின் 'பைத்ரஸ்' உரையாடலில் சோக்கிரதீசர் ஒரு கதை சொல்வார். எழுத்தைக் கண்டுபிடித்த தியூத் என்னும் எகிப்தியத் தெய்வம், அதனை நினைவுக்கு மருந்தெனக் கூறித் தாமுஸ் மன்னனிடம் கொடுக்கின்றது. மன்னனோ, இதனால் மாந்தர் தம்முள்ளே நினைவதை விடுத்து வெளியேயுள்ள குறிகளை நம்புவர், மறதியே பெருகும் என்று மறுத்துரைக்கின்றான். நிழற்படத்திற்கும் இக்கூற்று பொருந்துமென்பதற்கு அண்மைக் காலச் சான்றொன்று உண்டு. அருங்காட்சியகத்திற் பொருள்களை வெறுமனே பார்த்தவர்களைவிட அவற்றைப் படமெடுத்தவர்கள் குறைவாகவே நினைவிற்கொண்டனர் என அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கல் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. எனினும், பொருளின் ஒரு பகுதியை நெருக்கி, கூர்ந்து படமெடுத்தவர்களிடம் அந்தக் குறை காணப்படவில்லை. பொறியன்று, கவனமே வேறுபாட்டைச் செய்தது எனலாம்.

ஆகவே, அலுவிகாரைப் பிக்குகளையும் தாமுஸ் மன்னனையும் எதிரெதிரே நிறுத்தி, யார் பக்கம் நியாயம் எனக் கேட்பது பயனற்றது. மன்னன் அஞ்சியது சோம்பலுக்கு. பிக்குகள் அஞ்சியது சாவுக்கு. இவ்விரண்டு அச்சங்களும் இன்று ஒரு கையடக்கத் தொலைபேசிக்குள் ஒன்றாகக் குடியிருக்கின்றன.

இதன் முழுப் பொருளும் விளங்கவேண்டுமாயின், மாத்தளை மாவட்டத் தோட்டங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பக்கமாக நின்று நோக்குதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்காக அழைத்துவரப்பட்டோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளையையும் நாலந்தாவையும் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மாண்டவர் பலர். அவர்களுள் பெரும்பாலோருக்குப் படமுமில்லை, பெயருமில்லை. 2023ஆம் ஆண்டில், மலையக மக்கள் வருகையின் இருநூறாம் ஆண்டினையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் மேற்கொள்ளப்பட்டது. யூலை 28ஆம் திகதி தொடங்கி ஆகத்து 12ஆம் திகதி மாத்தளையில் நிறைவுற்ற அந்நடையில் வந்தவர்கள் நினைவுகூர்ந்த முன்னோருள் மிகப் பலரின் முகம் எத்தகையது என்பதை இன்று அறிய வழியில்லை.

படங்கள் எடுக்கப்படவேயில்லை என்பது இதன் பொருளன்று. ஸ்கீன், ஸ்கோவன், பிளேட் முதலிய நிழற்பட நிலையங்கள் இலங்கையின் தோட்டத் தொழிலாளரை நிறையவே படம்பிடித்தன. கொழுந்து கொய்யும் பெண், கூடை சுமக்கும் பெண், மூக்குத்தியணிந்த பெண் என அவை அஞ்சலட்டைகளாக உலகெங்கும் சென்றன. 1875ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே மறைந்த யூலியா மார்கரெட் கமரன் அம்மையார் நிழற்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவர். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களின் கீழ் டெனிசன், டார்வின் எனப் பெயர்கள் உள்ளன. இலங்கையில் அவர் எடுத்த படங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெயரற்றவர்கள். கலைத்திறன் ஒன்றே, பெயரைக் கேட்டெழுதும் அக்கறைதான் கடல் கடந்து வரவில்லை.

இதற்கு நேர்மாறான குறையும் இருந்தது. தோட்டத்துச் செக்ரோலிற் பெயர் இருந்தது, முகமில்லை. அப்பெயரும் எழுதுவோரின் காதில் விழுந்தவாறு எழுதப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் புகுத்தப்பட்ட தகரவில்லை முறையிலோ பெயரே வேண்டப்படவில்லை. தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் துளையிட்ட தகரத் துண்டொன்று போதுமானதாயிற்று. முகமிருந்த இடத்திற் பெயரில்லை. பெயரிருந்த இடத்தில் முகமில்லை. சில இடங்களில் இரண்டுமின்றி எண் மட்டும் இருந்தது. ஒரு மனிதனை நினைப்பதற்கு இவ்விரண்டும் ஒன்றுசேர வேண்டும் என்பதையே இக்கட்டுரை வலியுறுத்த விழைகின்றது.

அவை முதன்முறையாக ஒன்றுசேர்ந்த இடம் துயரமானது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தவனேயாயினும், தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தவர் என நிறுவுமாறு கேட்டது. குடும்ப நினைவு அங்கே செல்லுபடியாகவில்லை. பாட்டன் எந்தத் தோட்டத்தில் எந்த மரத்தடியிற் பிறந்தான் என்பதை ஊரே அறிந்திருந்தபோதும், தாளில்லாத பிறப்பு பிறப்பாகக் கொள்ளப்படவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமென வகுத்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்பதாக விட்டது. இந்தியாவுக்குச் செல்வோர் கடவுச்சீட்டுக்காகப் படமெடுக்க வேண்டியிருந்தது. தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் நிழற்படக் கருவியின் முன் அமர்ந்திராத முதியோர் பலர், தாம் பிறந்த மண்ணைவிட்டுப் போவதற்காகவே அதன் முன் அமர்ந்தனர். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற புகைவண்டிக்கு மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயரிட்டனர். பிரிந்துபோன உறவினரின் படமாக இங்கே எஞ்சியது பல வீடுகளில் அந்தக் கடவுச்சீட்டுப் படத்தின் மிச்சப் பிரதி ஒன்றுதான். அரசுக்காக எடுத்த படம் பூசையறைச் சுவரில் மாலையுடன் தொங்குகின்றது. தீர்க்கப்படாது நின்றவர்களுக்கான பிரசாவுரிமைச் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே வந்தது.

இப்பின்னணியில் நோக்கும்போது, அண்மைய இருபது ஆண்டுகளில் நிகழ்ந்திருப்பது சாதாரண மாற்றமன்று. எல்கடுவை, இரத்தோட்டை, கம்மடுவை, உக்குவளைப் பகுதிகளிலே லயன் அறையொன்றில் வாழும் குடும்பம் இன்று தன்னைத் தானே படமெடுத்துக்கொள்கின்றது. வெளியாரின் கருவிக்கு முன் 'மாதிரி'யாக நின்ற சமூகம், கருவியைத் தன் கையில் வைத்திருக்கின்றது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் தேரன்று ஒரு குடும்பம் எடுக்கும் படங்கள், அதன் முந்திய நான்கு தலைமுறைகளும் சேர்ந்து பெற்றிருந்த படங்களைவிட அதிகமாயிருத்தல் கூடும். மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப்பணிக்காகச் சென்ற தாய், தன் மகளின் வளர்ச்சியையே இப்படங்களின் வழியாகத்தான் காண்கிறாள். பால்பல் விழுந்தது, பாடசாலைச் சீருடை மாறியது, பூப்பு நீராட்டு நிகழ்ந்தது எல்லாம் அவளுக்குக் கைத்தலத்தளவான ஒளித்திரையில் வந்துசேர்ந்தவையே. அவளைப் பொறுத்தவரையில் அப்படங்கள் நினைவின் துணைகளல்ல, நினைவே அவைதாம்.

எனவே அவை அழிந்தால் அழிவது எது என்று கேட்க வேண்டியுள்ளது. டிஜிட்டல் எனப்படும் இலக்கமுறைப் படம் அழிவற்றது என்ற எண்ணம் பரவலாக உண்டு. உண்மை வேறு. கையடக்கத் தொலைபேசி நீரில் விழும், திருட்டுப்போகும், கடவுச்சொல் மறந்துபோகும், அடகுக்குச் செல்லும். மெமரி காட் என வழங்கும் சிறு அட்டை மின்னூட்டமாகவே படத்தைத் தாங்குகின்றது. அது காலப்போக்கிற் கசியக்கூடியது. வட்ஸ்அப் வழியே செல்லும் படம் வழக்கமாகச் சுருக்கப்படுவதோடு, எடுத்த நாளும் இடமும் பற்றிய குறிப்புகளையும் இழந்துவிடுகின்றது. கூகுள் நிறுவனம் அளவற்ற இலவசப் படச் சேமிப்பை 2021ஆம் ஆண்டு யூன் முதலாந் திகதியுடன் நிறுத்தியது. ஈராண்டுகள் பயன்படுத்தப்படாத தனியார் கணக்குகளை அழிக்கும் விதியையும் 2023ஆம் ஆண்டு முடிவிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இவ்விதியின் விளைவு சிந்திக்கத்தக்கது. கணக்குக்குரியவர் இறந்துவிட்டால் கணக்கு பயன்படுத்தப்படாது போகும். குடும்பம் அவருடைய படங்களைத் தேடத் தொடங்கும் காலமும் அதுவேயாகும்.

இணையத்தின் தந்தையருள் ஒருவரெனப் போற்றப்படும் விண்ட் சேர்ஃப், 2015ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியல் மாநாடொன்றில், பிற்காலத்தவர் இந்நூற்றாண்டைப் பற்றி அறிய இயலாத இருண்ட காலமொன்று வரக்கூடுமென எச்சரித்து, உண்மையிலே பேணவிரும்பும் படங்களை அச்சிட்டு வைத்துக்கொள்ளுமாறு அறிவுறுத்தினார். இணையத்தைக் கட்டியவரே தாளைப் பரிந்துரைத்தமை பலருக்கு வியப்பளித்தது. தாளிலுள்ள படத்தைப் பார்க்கக் கண்ணைத் தவிர வேறு கருவி வேண்டியதில்லை என்பதே அவர் கூற்றின் சாரம்.

ஆயினும் தாளுக்கும் ஓர் ஆயுள் உண்டு. அதை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. வெள்ளித் துகள்களால் உருவான பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்றும் தெளிவாக இருக்க, 1970களில் எடுக்கப்பட்ட வண்ணப் படங்கள் செம்மையேறி மங்கிவிட்டன. மலைநாட்டு ஈரமும் அடுப்புப் புகையும் படத்துக்குப் பகைவர். பசைத்தாளின்மேல் படத்தை ஒட்டி மெல்லிய பிளாஸ்டிக்கால் மூடும் அல்பங்கள் காலப்போக்கிற் படத்தையே அரித்துவிடும். நெருப்போ எல்லாவற்றிலும் கொடியது. அலுவிகாரையின் ஏட்டுச் சுவடிகள் 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது பிரித்தானியரால் அழிக்கப்பட்டன. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் 1981ஆம் ஆண்டு எரிந்தன. 1983 யூலையில் மாத்தளை நகரின் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, முத்துமாரியம்மன் கோயிலும் தாக்குதலுக்குள்ளானது. அன்று வீடிழந்தோர் பின்னாளில் நட்டஈட்டுப் பட்டியல்களில் தளபாடங்களை எழுதினர். திருமணப் படத்திற்கு எந்த நிரலில் என்ன விலை எழுதுவது? 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின்போது மலைநாட்டில் நேர்ந்த மண்சரிவுகள் மாத்தளை மாவட்டத்தையும் தாக்கின. மண் மூடிய வீட்டிற்குள் அல்பமும் இருந்தது, தொலைபேசியும் இருந்தது.

இவ்விடத்திற் பாளி நூல்களின் பிற்கால வரலாறு ஒரு தெளிவைத் தருகின்றது. அலுவிகாரைச் சுவடிகள் அழிந்தபோதும் திரிபிடகம் அழியவில்லை. அதன் படிகள் இலங்கையின் பிற விகாரைகளிலும், பர்மாவிலும், சீயத்திலும் வழங்கின. ஏடு காத்தது என்பதைவிட, ஏட்டைப் பார்த்து எழுதிப் பிறருக்குக் கொடுத்த கைகள் காத்தன என்பதே பொருந்தும். குடும்பப் படத்தின் ஒரு பிரதி இரத்தோட்டையிலும், ஒன்று மணமாகிப் போன மகளின் வீட்டிலும், ஒன்று நாடு திரும்பி நீலகிரியில் வாழும் சித்தப்பாவின் வீட்டிலும் இருக்குமாயின், ஒரே தீ மூன்றையும் எரிக்காது. தொலைவிலுள்ள கணினிகளில் இருக்கும் இலக்கமுறைப் படத்தையும் இந்த வரிசையில் நான்காவதாகச் சேர்த்துக்கொள்வதில் தவறில்லை. தாளும் திரையும் பகையல்ல. ஒன்று வெள்ளத்துக்கு எட்டாதது, மற்றது கடவுச்சொல் கேட்காதது.

அறவியல் நோக்கில் உண்மையான சிக்கல் எழுவது அடுத்த படியிலேயே. பத்தாயிரம் படங்களை அச்சிட எவராலும் இயலாது. நாற்பதோ ஐம்பதோ தெரிந்தெடுக்க வேண்டும். தொல்காப்பியர் நடுகல் அமைக்கும் முறையைப் படிப்படியாக வகுக்கும்போது 'காட்சி'யை, அதாவது தக்க கல்லைத் தேடிக் காண்பதை, முதலில் வைத்தமை கருதத்தக்கது. நினைவுச் சின்னம் எழுதுவதிலன்று, தெரிவதிலேயே தொடங்குகின்றது. தெரிவதெனின் விடுவதும் அதனுள் அடங்கும். யாரை விடுவது?

சாதிமாறி மணந்து வீட்டைவிட்டுப் போன பெண் இருக்கிறாள். குடியால் குடும்பத்தை நொடித்த தந்தை இருக்கிறார். 1989ஐ அண்டிய ஆண்டுகளிற் காணாமற்போய், இன்றுவரை பேச்செடுத்தால் தாய் அழும் மகன் இருக்கிறான். இவர்கள் இருக்கும் படத்தை விட்டுவிடுதல் எளிது. இன்றைய செயலிகளின் உதவியால், விடவும் வேண்டியதில்லை. விரலாற் தடவி ஒருவரை மட்டும் அகற்றி, அவர் நின்ற இடத்திற் செடிகொடிகளை வளரவிடலாம். பழைய காலத்தில் கத்தரிக்கோலால் வெட்டியபோது வெட்டின தடம் எஞ்சியது. ஒருவர் இருந்தார், அகற்றப்பட்டார் என்பதையாவது அது சொல்லிற்று. இன்றைய அழிப்பு தடமற்றது. அந்தக் கத்தரிக்கோல் இதைவிட நேர்மையானது என்று சொல்லத் தோன்றுகின்றது.

வருந்தத்தக்கதை மறப்பதற்கு ஒருவருக்கு உரிமையில்லையா எனக் கேட்கலாம். உண்டு. அடித்துத் துன்புறுத்திய கணவனின் படத்தை நாள்தோறும் சுவரிற் பார்க்குமாறு எவளையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் சுவரில் மாட்டாதிருப்பது வேறு, இல்லையென்று ஆக்குவது வேறு. முன்னது அவளுடைய உரிமை. பின்னது, தந்தை யாரென அறியவேண்டிய பிள்ளையின் உரிமையிற் கைவைப்பது. மகாநித்தேசத்தைக் கற்கச் சென்றவர்கள் அந்தப் பிக்குவின் ஒழுக்கத்தைப் போற்றவில்லை. அவரிடம் இருந்ததைப் பெற்றுக்கொண்டனர். குடும்ப அல்பத்திற்கும் அத்தகைய மனவிரிவு வேண்டும். நல்லவர்களின் படங்களை மட்டும் கொண்ட அல்பம் ஒரு விளம்பரப் புத்தகமே.

விடுபடுவோருள் இன்னொரு வகையினர் பகையினாலன்றிப் பழக்கத்தினால் விடுபடுகின்றனர். படமெடுப்பவர் படத்தில் இல்லை. சமையற்கட்டில் நின்றவள் படத்தில் இல்லை. கொழுந்து நிறுக்கும் நேரத்தில் விழா நடந்தமையால் மலையிலிருந்து வர இயலாதவள் படத்தில் இல்லை. திருமணப் படங்களின் கட்டினை எடுத்து, அதில் இல்லாதவர்கள் யார் என ஒருமுறை எண்ணிப் பார்த்தால், அக்குடும்பத்தின் உழைப்பு யார் தோளில் இருந்தது என்பது தெரியவரும். தெரிந்தெடுப்பவர் இளைஞராயிருத்தல் இயல்பு. அவர்களுக்கே கருவி பழக்கம். ஆனால் அவர்கள் முதியவளின் அருகில் அமராது தெரிந்தெடுத்தால், ஒளி நன்றாக விழுந்த படங்களே தேறும். மங்கலான படத்தில்தான் பாட்டனின் கடைசித் தேர்த்திருவிழா இருக்கும்.

அச்சிட்ட படத்தின் பின்புறம் வெறுமையாயிருப்பது ஒரு வசதி. திரையிலுள்ள படத்துக்கு முதுகில்லை. மென்மையான பென்சிலால் அதில் எழுதிவைக்கலாம்: யார், யாருக்கு என்ன முறை, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு. 'அம்மா' என்று எழுதுவது போதாது. எழுதுபவருக்கு அவள் அம்மா, பேரனுக்கு யாரோ. அவளுக்கு ஒரு பெயர் உண்டு. செக்ரோலில் பிழையாக எழுதப்பட்ட பெயர், வீட்டிற் கூப்பிட்ட பெயர் என இரண்டு இருப்பின், இரண்டையும் எழுதலாம். அஞ்சலட்டைகளில் நின்ற அந்தப் பெண்களுக்கு இவ்வளவுதான் செய்யப்படாமற் போயிற்று. அவர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

2011 மார்ச் ஆழிப்பேரலையின் பின் யப்பானிய ஊர்களில் தொண்டர்கள் சேற்றுக்குள்ளிருந்து குடும்பப் படங்களைப் பொறுக்கியெடுத்து, நீரில் மெல்லக் கழுவி, உலர்த்தி, மண்டபங்களில் உரியவர்கள் வந்து காணுமாறு தொங்கவிட்டனர். வீட்டையும் உறவையும் இழந்தவர்கள் வரிசை வரிசையாக நடந்து பிறர் குடும்பத்து முகங்களிடையே தம்முடையதைத் தேடினர். உரியவர் வராத படங்களும் எஞ்சின. அவற்றை என்ன செய்வதெனத் தொண்டர்களுக்குத் தெரியவில்லை. எறியவும் மனம் வரவில்லை.

அலுவிகாரையில் இன்றும் ஏட்டெழுத்தைச் செய்துகாட்டுகிறார்கள். பதப்படுத்திய தாளிப்பனை ஓலையின்மேல் எழுத்தாணி கீறிச் செல்லும்போது கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை. பின்னர் கரியும் எண்ணெயும் சேர்ந்த மையைத் தடவித் துடைத்ததும், கீறலுக்குள் மை தங்கி, எழுத்துகள் கறுத்து எழுகின்றன. வருவோர் தம் பெயரைச் சொன்னால் சிற்றோலையொன்றில் எழுதித் தருவதும் உண்டு. பெயர் எழுதிய அவ்வோலையை வாங்கியவர்கள், அங்கேயே நின்று, தொலைபேசியில் அதைப் படமெடுத்துக்கொள்கிறார்கள்.